களனி கங்கையில் கட்டப்பட்ட குவாய் பாலம்: ஆவணப்படங்களை எப்படிப் பார்ப்பது?

கொழும்பு ஜிந்துப்பிட்டியில் ஒரு சிறிய ஸ்ரூடியோவில் நான் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோயில் தேர் என்பவைதான் வழக்கமான வேலை. இடையிடையே வெளிநாட்டில் இருக்கிற யாராவது தங்கள் ஊரைப் பற்றி ஒரு படம் செய்து தரச் சொல்வார்கள். வன்னியிலிருந்து வந்து இங்கே ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். கீழே இருப்பவர் துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் ஐயா. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரோடு இருந்து தொலைக்காட்சி பார்ப்பது என் பழக்கம்.

ஒரு நாள் உலகத்தின் பெரிய ரயில் பாலங்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று போனது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையில் போட்ட ரயில் பாதையைப் பற்றிக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. திரையில் காட்டுக்குள்ளே ஓர் ஆறு, அதன் மேல் உயரமான மரப் பாலம். ஐயா சிரித்தார். "தம்பி, இது கித்துல்கலயில எடுத்த சினிமாப் படமாச்சே. ஆறு நம்ம களனி கங்கை" என்றார்.

அவர் சொன்னது சரி. திரையில் வந்தது 1957ஆம் ஆண்டு வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தின் காட்சி. டேவிட் லீன் இயக்கிய அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகளை வாங்கியது. பாலத்துக் காட்சிகள் எடுக்கப்பட்டது கித்துல்கலயில். அங்கிருந்து ஓடி வரும் அதே ஆறுதான், ஜிந்துப்பிட்டியிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வரும் மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. நிகழ்ச்சி அந்தக் காட்சியை 'திரைப்படக் காட்சி' என்ற ஒரு வரி கூடப் போடாமல் வரலாறாகக் காட்டிவிட்டது.

இது சின்னப் பிழை, இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அந்தப் பாதையின் உண்மைக் கதையோடு படத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் யாருடைய கதை விடுபட்டுப் போகிறது என்பது தெரிந்தது.

உண்மைப் பாலமும் படத்துப் பாலமும்

தாய்லாந்தின் பான் பொங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீற்றர் நீளமான பாதை அது. 1942இன் நடுப்பகுதியில் வேலை தொடங்கி, 1943 ஒக்ரோபர் 17ஆம் திகதி இரு பக்கத்துத் தண்டவாளங்களும் இணைக்கப்பட்டன. மலையும் காடும் நிறைந்த நிலத்தில், மண்வெட்டியும் கூடையும் சுத்தியலும் கொண்டு, சுமார் 16 மாதங்களில் அது முடிக்கப்பட்டது.

படத்தில் ஜப்பானியப் பொறியியலாளருக்குப் பாலம் கட்டத் தெரியாது. கைதியாக இருக்கும் பிரித்தானிய அதிகாரிதான் சரியான இடத்தைத் தெரிவுசெய்து, சரியான வரைபடம் போட்டு, பாலத்தைக் கட்டிக் காட்டுகிறார். உண்மையில் பாதையையும் பாலங்களையும் திட்டமிட்டுக் கட்டுவித்தவர்கள் ஜப்பானிய இராணுவத்தின் ரயில்வே படைப்பிரிவுகளின் பொறியியலாளர்கள்.

படத்தில் இருப்பது ஒரு மரப் பாலம். முதல் ரயில் வரும் வேளையில் கொமாண்டோக்கள் அதை வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். உண்மையில் காஞ்சனபுரிக்கு அருகில் இரண்டு பாலங்கள் கட்டப்பட்டன. முதலில் ஒரு மரப் பாலம். பிறகு ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்ட இரும்புச் சட்டங்களால் ஒரு பாலம். இரண்டும் 1943இல் பாவனைக்கு வந்தன. அவற்றை உடைத்தவை நேச நாடுகளின் குண்டுவீச்சு விமானங்கள். 1945இல் விழுந்த இரும்புச் சட்டங்களுக்குப் பதிலாகப் போருக்குப் பிறகு வேறு சட்டங்கள் பொருத்தப்பட்டன. அந்த இரும்புப் பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.

இன்னொன்று ஆற்றின் பெயர். அந்தப் பாலம் நின்ற ஆற்றின் பெயர் அப்போது மே குளோங். நாவல் எழுதிய பியர் பூல், பாதை குவாய் நொய் ஆற்றை ஒட்டிப் போவதால் பாலமும் அதன் மேல்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். படம் வெளியான பிறகு உல்லாசப் பயணிகள் 'குவாய் பாலம் எங்கே?' என்று கேட்டு வரத் தொடங்கினார்கள். 1960களில் தாய்லாந்து, ஆற்றின் அந்தப் பகுதியின் பெயரையே குவாய் யாய் என்று மாற்றிவிட்டது. ஒரு கற்பனைக் கதையின் பிழைக்கு ஏற்ப நிலத்தின் வரைபடம் திருத்தப்பட்டது.

கணக்கில் வராதவர்கள்

பாலத்தின் இரும்பையும் மரத்தையும் விடப் பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்த எவருக்கும் அந்தப் பாதையைக் கட்டியவர்கள் பிரித்தானியப் போர்க்கைதிகள் என்றே மனதில் பதியும். அவர்கள் கட்டியதும் உண்மை, பட்ட துன்பமும் உண்மை. 60,000க்கு மேற்பட்ட நேச நாட்டுக் கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டார்கள். 12,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆனால் அவர்களை விடப் பல மடங்கு அதிகமாக அங்கே இருந்தவர்கள் ஆசியத் தொழிலாளர்கள். பர்மியர், மலாயர், ஜாவானியர், சீனர், அவர்களோடு மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர். இவர்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ 2 இலட்சம் என்றும் அதற்கு மேல் என்றும் சொல்லப்படுகிறது. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் என்பது பரவலாகக் காட்டப்படும் கணக்கு. அவர்களில் பெரும்பாலானோர் தோட்டத் தமிழர். இறந்த ஆசியத் தொழிலாளர்களின் தொகையாக 90,000 என்ற மதிப்பீடு அடிக்கடி சொல்லப்படுகிறது. அதற்குக் குறைவாகவும் கூடவும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு பக்கம் '12,000க்கு மேல்' என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறது. மறுபக்கம் பத்தாயிரக்கணக்கில் வித்தியாசம் வருகிறது. ஏன்?

போர்க்கைதிகளிடம் பெயர்ப் பட்டியல் இருந்தது. அவர்களின் அதிகாரிகள் ஒளித்து வைத்து நாட்குறிப்பு எழுதினார்கள். அவர்களோடு வைத்தியர்கள் இருந்தார்கள். யார் எந்த நாளில் எந்த நோயால் இறந்தார் என்று குறிக்கப்பட்டது. போர் முடிந்ததும் அவர்களுடைய அரசுகள் புதைகுழிகளைத் தேடி எடுத்து முறையான மயானங்களில் அடக்கம் செய்தன. காஞ்சனபுரிப் போர் மயானத்தில் இன்று கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் ஒழுங்கு வரிசையில் இருக்கின்றன.

தோட்டத் தொழிலாளர்களிடம் இவை எதுவும் இல்லை. 'சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, சில மாதத்தில் திரும்பலாம்' என்று சொல்லிச் சிலர் அழைத்துப் போகப்பட்டார்கள், சிலர் பிடித்து ஏற்றப்பட்டார்கள். மனைவி பிள்ளைகளோடு போனவர்களும் இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் கொலரா பரவியபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். புதைத்தவர்களுக்கும் எரித்தவர்களுக்கும் கணக்கு எழுத நேரமும் இல்லை, ஆளும் இல்லை. போருக்குப் பிறகு அவர்களைத் தேடி எந்த அரசும் பட்டியலோடு வரவில்லை.

ஆகவே இன்று ஒரு தொலைக்காட்சி நிறுவனம் நல்ல எண்ணத்தோடு படம் எடுக்கப் போனாலும் அதன் கையில் கிடைப்பது கைதிகளின் நாட்குறிப்பு, கைதிகளின் ஓவியம், கைதிகளின் பேட்டி. பொய் என்று ஒரு வசனம் கூட இல்லாமலே படம் பிழையாகிவிடலாம். ஆவணம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கமெராவும் போகிறது. மலேசியத் தமிழர்கள் நாவலாகவும் நேர்காணலாகவும் ஆவணப்படமாகவும் அந்தக் கதையைச் சேர்த்து வைக்கப் பாடுபட்டது இதனால்தான். எழுதப்படாதவர்களுக்கு எஞ்சியவர்களின் வாய்மொழிதான் பதிவேடு.

முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு 'எத்தனை பேர்?' என்ற கேள்வியோடு வாழும் எங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

படம் ஒரு காலம், குரல் இன்னொரு காலம்

எடிட்டிங் மேசையில் படமும் குரலும் இரண்டு தனித்தனிக் கோடுகளாக இருக்கும். இந்தப் படத்துக்கு மேல் அந்தக் குரலை இழுத்து வைப்பது இரண்டு வினாடி வேலை. பார்ப்பவர் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை என்று நம்பிவிடுவார்.

எங்கள் நாட்டிலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' உலக ஆவணப்பட வரலாற்றில் தவறாமல் பேசப்படும் படம். அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. படத்தின் ஒலிகள் பின்னர் லண்டனில் சேர்க்கப்பட்டன. பின்னணிக் குரல் கொடுத்தவர் லயனல் வென்ட். கொழும்பில் அரங்கம் இருக்கிறதே, அதே பெயருக்குரியவர்.

அவர் வாசிக்கும் வார்த்தைகள் ரொபர்ட் நொக்ஸ் எழுதி 1681இல் வெளியான நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டில் இருந்தவர். இலங்கையில் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தது 1867இல். அதாவது தேயிலைச் சபையின் படத்தில் பேசும் குரல், தேயிலை வருவதற்கு ஏறத்தாழ 190 ஆண்டுகளுக்கு முந்தியது. அந்தக் குரலால் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்து மலையேறிய தொழிலாளரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது. அழகான படம்தான், கலையாக அதை நானும் மதிக்கிறேன். ஆனால் இலங்கைத் தேயிலைத் தொழிலின் வரலாறு வேண்டுமென்றால் அதில் தேடக்கூடாது. பணம் கொடுத்தவர் யார், குரல் எந்தக் காலத்தது என்ற இரண்டு கேள்விகளிலேயே இது தெளிவாகிவிடும்.

கேள்விக்குறியும் விளம்பரமும்

இன்னொரு வகைப் பிழை தொழில்நுட்ப வார்த்தைகளால் வருவது. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் சயன்ஸ் சனல், தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளைப் பற்றி ஒரு முன்னோட்டம் வெளியிட்டது. மேலே இருக்கும் கற்களின் வயது 7,000 ஆண்டு, கீழே இருக்கும் மணலின் வயது 4,000 ஆண்டு, ஆகவே இது மனிதர் கட்டியதாக இருக்கலாம் என்பது அதன் சாரம். இந்தியாவில் அது பெரும் அரசியல் பேச்சானது. 'அமெரிக்க விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்' என்று எங்கள் வட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது.

நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. கல்லின் வயது என்பது அந்தக் கல் உருவான காலம். அதை அங்கே யார் வைத்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. கடல் நீரோட்டமும் அலையும் பழைய கல்லைப் புதிய மணலின் மேல் கொண்டுவந்து சேர்க்க முடியும். அப்படி நடந்ததா, மனிதர் கொண்டுவந்தார்களா என்று தீர்மானிக்க வேறு சான்றுகள் வேண்டும். ஒரு முன்னோட்டம் பார்வையாளரை இழுக்கச் செய்யப்படுவது. அதில் வரும் கேள்விக்குறி, பகிரப்பட்டு எங்கள் கைத்தொலைபேசிக்கு வரும்போது முற்றுப்புள்ளியாகிவிடுகிறது.

நான் செய்த பிழை

மற்றவர்களைச் சொல்லிவிட்டு என்னை மறைக்கக் கூடாது. சில வருடங்களுக்கு முன்னர் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றி ஒரு சிறு படம் செய்து தரும்படி வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டார். ஆனையிறவு உப்பை எடுத்து, உப்பு நீரில் மின்சாரம் செலுத்தி, கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம் அது. போர் அதை மூட வைத்தது. எங்களிடம் இருந்தது இடிந்த கட்டடத்தின் படங்கள் மட்டும். வேலை நடந்த காலத்துப் படம் ஒன்றும் கிடைக்கவில்லை. குரல் போகும் இடத்தில் திரை வெறுமையாக இருந்தது. இணையத்தில் கிடைத்த வேறொரு நாட்டு இரசாயன ஆலையின் காட்சியைக் கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் கீறல் போட்டு, அந்த இடத்தில் வைத்தேன். பழைய படம் போலவே இருந்தது.

படம் வெளியான பிறகு, அங்கே வேலை செய்த ஒருவர் என்னுடைய இலக்கத்தைத் தேடி எடுத்துப் பேசினார். "தம்பி, உது எங்கட பக்டறி இல்லை. எங்கட இடத்தில உப்பிடி ஒரு கோபுரம் இருக்கேல்லை" என்றார். ஏசவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் சொன்னார்: "உதை நம்பாதவன் பிறகு ஷெல் விழுந்ததையும் நம்பமாட்டான்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. படத்தின் மற்றப் பகுதி முழுவதும் உண்மை. ஆனால் ஒருவன் அந்த 12 வினாடியைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் பொய் என்று சொன்னால் என்னிடம் பதில் இல்லை. அன்றே அதைக் கழற்றிவிட்டு, இடிந்த சுவரின் படத்தைப் போட்டு, 'தொழிற்சாலை இயங்கிய காலத்துப் படம் எமக்குக் கிடைக்கவில்லை' என்று கீழே எழுதினேன்.

உண்மை தாங்கி நிற்பது எப்படி

பொய் என்று சொல்லப்பட்ட படம் எப்படிப் பிழைத்தது என்பதற்கு எங்கள் காலத்திலேயே சாட்சி உண்டு. 2009 ஓகஸ்ட்டில் பிரித்தானியாவின் சனல் 4, கைகள் கட்டப்பட்ட நிர்வாணமான ஆட்கள் சுடப்படும் கைத்தொலைபேசிக் காணொளியை ஒளிபரப்பியது. அது போலி என்று இலங்கை அரசாங்கம் சொன்னது. ஐ.நா.வின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன், சட்ட வைத்தியம், துப்பாக்கி, காணொளி ஆகிய மூன்று துறைகளைச் சேர்ந்த மூன்று சுயாதீன நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பது, குழல் வாயிலிருந்து வாயு வெளிவருவது, உடல்கள் விழும் விதம், படமும் ஒலியும் பொருந்தும் விதம் எல்லாம் பார்க்கப்பட்டன. காணொளி உண்மையானது என்பதையே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2010 ஜனவரியில் அவர் அறிவித்தார்.

அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. காணொளியில் பதிவாகியிருந்த திகதி, கடைசி 17 பிரேம்கள், சிலரின் உடல் அசைவு ஆகியவற்றுக்கு முழு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் அது வெளிப்படையாகச் சொன்னது. அப்படிச் சொன்னதால் அறிக்கை பலவீனப்படவில்லை. 2011இல் அடுத்த அறிக்கையாளர் கிறிஸ்ரொஃப் ஹெய்ன்ஸ், அதன் நீண்ட வடிவத்தை மீண்டும் நிபுணர்களிடம் கொடுத்து உண்மையானது என்ற முடிவுக்கே வந்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்பவரின் 'தெரியும்' தான் எதிரியின் முன்னாலும் நிற்கும்.

ரயில் பாலத்துக்கும் தொழிற்சாலைக்கும் இதே அளவுகோல்தான். ஓர் ஆவணப்படத்தைப் பார்க்கும்போது நான் இப்போது ஐந்து விடயங்களைக் கவனிக்கிறேன். இந்தக் காட்சி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று திரையில் போட்டிருக்கிறார்களா? ஒலியும் குரலும் எந்தக் காலத்தவை? சொல்லப்படும் எண் யார் எண்ணியது, அதில் யார் எண்ணப்படவில்லை? படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? அந்த இடத்தில் கையால் வேலை செய்த ஒருவராவது வாய் திறந்து பேசுகிறாரா? ஐந்துக்கும் பதில் இல்லையென்றால் அதைக் கதையாகப் பார்க்கலாம், வரலாறாக எடுத்துச் சொல்லக் கூடாது.

படம் எடுப்பவர்களுக்கும் இதே கேள்விகள்தான். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை, ஆனையிறவு உப்பளம், 1990இல் நின்று 2014இல் மீண்டும் யாழ்ப்பாணம் போன யாழ்தேவி என்று எங்கள் தொழில் வரலாறு யூரியூப்பில் இப்போதுதான் எழுதப்படுகிறது. 'ஆசியாவிலேயே பெரியது' என்று எடுத்த எடுப்பில் சொல்லாமல், அங்கே வேலை செய்தவர்களிடம் போங்கள். சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, தொழிற்சங்க ரசீது, குழுப் படம் ஏதாவது இருந்தால் திகதியோடு படமெடுத்து வையுங்கள். இயந்திரம் எப்படி ஓடியது, எந்த வேலையில் கை சுட்டது, முறை மாறும் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது என்று கேளுங்கள். அந்த விபரம் அவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்கும் வயது போகிறது.

கீழ்வீட்டு ஐயாவிடமிருந்தே நான் தொடங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தில் மூட்டை இறக்கிய நாட்களைச் சொல்கிறார், நான் பதிவு செய்கிறேன். சில வருடங்களை அவர் மறந்துவிட்டார். அந்த இடங்களில் 'வருடம் நினைவில்லை' என்றே எழுதி வைக்கிறேன்.